டிசம்பர் மாசத்து டிப்ரஷன்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் டிசம்பர் பிறந்தால் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிடுவார்கள். என்னுடைய முதல் சந்தேகமே அதில்தான். வருஷம் முழுக்க என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற மேலாளரம்மா, தேநீர் அறைக்கு வந்து என் தோளில் கைவைத்து, "நீ நிஜமாகவே நன்றாக இருக்கிறாயா, எஸ்தர்?" என்று கேட்கிறார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் பேசாத ஒருவர் வழிமறித்து இவ்வளவு கனிவாகக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? கையிலிருக்கும் பையை ஒரு முறை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். நானும் தேநீர்க் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறேன்" என்றேன்.

அயர்லாந்துக்கு வந்து பல வருஷமாகிறது. சின்ன ஊர். என் கணவர் சேவியர் டவுன் பஸ் ஓட்டுகிறார். மகள் ரூத்துக்குப் பதினைந்து வயது. தேநீர் அறைச் சுவரில், பண்டிகைக் காலத்தில் உங்கள் மனதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பனிமனிதன் படம் போட்ட ஒரு சுவரொட்டி. அதற்குப் பக்கத்திலேயே கிறிஸ்துமஸ் அன்று யார் யாருக்கு டூட்டி என்கிற தாள். நன்றாக இருப்பதாகச் சொன்னவர்களுக்கெல்லாம் டூட்டி விழுந்திருக்கிறது என்று நான் ஒரு தடவை சேவியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இதை ஊரில் இருந்து படிக்கும் உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். முந்தின கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினேன் அல்லவா, அந்த ஜனவரியில் நான் படுத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்து பல் தேய்க்க வேண்டும் என்று நினைத்தாலே பாறாங்கல்லைப் புரட்டச் சொன்ன மாதிரி இருந்தது. வேலைக்குப் போகவில்லை. சேவியர் சூப் வைத்துக் கொடுத்தால் அவர் டூட்டிக்குப் போனதும் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். ரூத்திடம் தலைவலி என்று சொல்லியிருந்தோம். அவள் "ஓகே" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் காதில் எதையோ மாட்டிக்கொள்வாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மனநல ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். வயதான அம்மாள். நான் என்ன சொன்னாலும் "ம்ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். இதில் இவருக்கு என்ன லாபம் என்று நான் வெகுநாள் யோசித்தேன். இந்த வருஷமும் ஊருக்குப் போகப் போகிறேன் என்றதும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உனக்குப் பண்டிகை பிரச்சினை இல்லை. பண்டிகை முடிந்து திரும்பி வருவதுதான் பிரச்சினை. அங்கே ஒரே ஒருவரிடமாவது இதைச் சொல்லிவிட்டு வா. ஜனவரியில் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்க ஒருவர் வேண்டும்."

ஒருவர் போதுமாம். அந்த ஜனவரி மறுபடியும் வந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது என்ற பயம் எனக்கு இருந்தது. அதனால் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

2

யாரிடம் சொல்வது என்பதைவிட எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. 'மனநலம்' என்பது பத்திரிகைக்குச் சரி. மானாம்பதிக்கு இந்தப்பக்கம் இருக்கும் எங்கள் காலனியில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'மனசு சரியில்லை' என்று சொன்னால் யாரோ என்னை ஏதோ பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். எவன் பேசினான் என்று சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். 'மன அழுத்தம்' என்றால் பிரஷர். உப்பைக் குறை என்பார்கள். ஆங்கிலத்தில் 'மென்டல் ஹெல்த்' என்றால் முதல் பாதிதான் காதில் விழும். மறுநாள் காலைக்குள் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும்.

எனக்கு ஒரே அண்ணன், சாமுவேல். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலம் தள்ளியவர்கள். அண்ணன் தலையெடுத்துக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கி, உத்திரமேரூர் பஜாரில் இருக்கும் கடைகளுக்கு லோடு அடிக்கிறான். நவம்பரில் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"ண்ணா, எனக்கு டிப்ரஷன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். பிறகு, "இங்கியும் டிப்ரஷன்தான். டிவில சொல்லிக்கினே கீறான். ரெண்டு நாளா மய. வண்டி எடுக்கவே முடியல" என்றான்.

"அது இல்லண்ணா…"

"கடலூராண்ட கரை கடக்குதாம். நம்ம பக்கம் ஏரி ரொம்பிடும். நீ ஸ்வெட்டர் போட்டுக்கினு இரு."

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொண்டை மண்டலத்துக்காரனிடம் போய் டிப்ரஷன் என்றால் புயல் சின்னத்தைத் தவிர அவன் வேறு எதை நினைப்பான்? போனை வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்தேன். அப்புறம் அழுதேன். இவனிடம் சொல்லிப் பயனில்லை என்று அண்ணன் பெயரை மனதிலிருந்து அடித்துவிட்டேன்.

3

சேவியருக்கு லீவு கிடைக்கவில்லை. ரூத் வர மறுத்துவிட்டாள். "அங்கே எல்லாரும் என்னை உத்துப் பார்க்கறாங்க. நான் தமிழ் பேசினா சிரிக்கறாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் மட்டும் விமானம் ஏறினேன்.

மாத்திரைகளைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்வார்கள் என்று எனக்குச் சந்தேகம். வழிக்குக் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பெட்டியின் அடியில் துணிக்குள் சுருட்டி வைத்தேன். சென்னையில் எல்லோருடைய பெட்டியும் வந்தது. என்னுடையது வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண், "பெட்டியில என்னென்ன இருக்கு மேடம்? மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் ஒருவர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் செய்யூர்க்காரரோ செங்கல்பட்டுக்காரரோ, எந்தப் புற்றில் என் சொந்தக்காரர் இருக்கிறாரோ தெரியாது. "இல்லை, சாக்லேட்டும் ஸ்வெட்டரும்தான்" என்றேன். மருந்து என்று சொல்லியிருந்தால் அவசரமாகத் தேடியிருப்பார்களாம். பிறகுதான் தெரிந்தது.

வெளியே அண்ணன் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். "இன்னாண்ணா இப்டி ஆயிட்ட?" என்றேன். "லோடு ஜாஸ்தி" என்றான். 

வீட்டில் எல்லாமே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. அண்ணி கலா, எப்போதும் என்னிடம் நாலு வார்த்தைக்கு ஒரு குத்தல் வைப்பவள், இந்த முறை தேன் ஒழுகப் பேசினாள். கறிக் குழம்பில் நல்லியெலும்பைத் தேடி என் தட்டில் வைத்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் அவளும் பக்கத்து வீட்டு ரோஸியும் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் அடுப்படி வரை பின்னாலேயே வந்தாள்.

"சேவியரு ஏன் வர்ல?"

"லீவு இல்லண்ணி."

"பொண்ணு?"

"ஸ்கூல்."

"கிறிஸ்மஸுக்குக் கூடவா ஸ்கூலு?" என்று கேட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள். தாலிச் செயினைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. சோதனையில் கழற்றச் சொல்வார்கள் என்று அதையும் பெட்டியில்தான் வைத்திருந்தேன்.

அப்படியானால் விஷயம் இதுதான். புருஷன் விரட்டிவிட்டான், இவள் நிரந்தரமாக இங்கேயே வந்துவிட்டாள் என்று காலனி முடிவு கட்டிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இவர்கள் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கும் வரை உண்மை பத்திரமாக இருக்கும்.

இரண்டாம் நாள் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் மொகத்துல ஒரு பாரம் கீது. சொல்லு மா, ஜெபிப்போம்" என்றார். ஒரு கணம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்றிருந்தது. அவ்வளவு இதமான கை. ஆனால் முந்தின நாள் மாலைதான் எங்கள் சபையின் ஒலிபெருக்கி, ஒரு சகோதரியின் மருமகள் கோபித்துக்கொண்டு திருப்புலிவனம் போய்விட்டதற்காக உருக்கமாக ஜெபித்ததை ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருந்தார்கள். "பிரயாணக் களைப்புதான் பாஸ்டரம்மா" என்றேன். அதுவும் அன்று மாலை மைக்கில் வந்தது. அயர்லாந்து தாய்லாந்தாக மாறி, அங்கிருந்து களைத்து வந்திருக்கும் சகோதரி எஸ்தருக்காக எல்லோரும் ஜெபித்தார்கள்.

4

கைப்பையில் இருந்த மாத்திரை தீர்ந்துபோனது. திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போனில் மருந்துச் சீட்டின் படம் இருந்தது. காஞ்சிபுரத்துக்குப் போய் வாங்கலாம் என்றால், எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், துணைக்கு வரட்டுமா என்று அண்ணி பிடித்துக்கொள்வாள். உத்திரமேரூர் பஜாரில் கரீம் பாயின் மெடிக்கல்தான் கதி. பாய்க்கு எங்கள் வீட்டில் யாருக்கு எப்போது எந்த நோய் வந்தது என்பது வரை தெரியும். என் சின்ன வயசில் சொறிக்கு மருந்து கொடுத்ததுகூட அவர்தான்.

கடையில் கூட்டம் குறைகிற வரை சோப்பு வாங்கினேன், தைலம் வாங்கினேன், தேவையே இல்லாமல் பஞ்சு வாங்கினேன். கடைசி ஆள் நகர்ந்ததும் போனை நீட்டினேன்.

"இது எனக்கு இல்ல பாய். அங்க நான் வேலை செய்யற எடத்துல ஒரு கெய்வி. அதுக்கு."

அயர்லாந்துக் கிழவிக்கு உத்திரமேரூரிலிருந்து மாத்திரையா என்று பாய் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது.

"இதுவா? இது உங்க வூட்டுக்குதானே மா? போன ஞாயித்துக்கெயமதான் அண்ணன் சீட்டு எடுத்தாந்து வாங்கினு போனாரு. அதுக்குள்ள தீந்துட்சா?"

நீட்டிய போனைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பாய் என்னைப் பார்த்தார். தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "நா ஒண்ணும் சொல்லல மா. வயசாயிட்சு. யாருக்கோ குடுத்ததை யாருக்கோ நெனச்சிக்கினேன்" என்று தடுமாறினார். வெளியூர்ச் சீட்டுக்குத் தர முடியாது என்று சொல்லி, எதிரே இருக்கும் டாக்டரம்மாவிடம் என்னை அனுப்பினார். அவர் எழுதிக் கொடுத்து, நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போதும் என் மூளை அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றது.

முதலில் அண்ணன் என் பையைத் துழாவியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன ஞாயிறு நான் அயர்லாந்தில் இருந்தேன். என் பையும் அங்கேதான் இருந்தது. அப்படியென்றால் யாருக்கு? அண்ணிக்கா? அதனால்தான் இத்தனை கனிவா? அல்லது என் டாக்டர் சொன்னது எப்படியோ சேவியர் மூலமாக இவர்கள் காதுக்கு வந்து, எனக்காக முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்களா? குழம்பில் கலந்துவிடுவார்களா? இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்று இரவு குழம்பை நான் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. புதுத் துணி, மட்டன் பிரியாணி, பாய் வீட்டுக்கும் தெருவுக்கும் பலகாரத் தட்டு, வாசலில் மூங்கில் கட்டி ஏற்றிய ஸ்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தான். பாட்டு முடிந்ததும் முகம் அணைந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அயர்லாந்தில் எங்கள் குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அது.

5

பண்டிகை முடிந்த இரண்டொரு நாளில் அண்ணனுக்குப் பழையசீவரத்துக்குத் தவிட்டு மூட்டை லோடு கிடைத்தது. நானும் வருகிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றான். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து.

"சும்மா. மலக்கோயிலாண்ட பாலாத்துல தண்ணி வருதாமே, பாக்கணும்."

வழியெல்லாம் ஏரிகள் நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வயலில் சம்பா கதிர் தண்ணீருக்குள் தலை சாய்த்துக் கிடந்தது. அண்ணன் ஹாரன் அடித்தான், கியர் மாற்றினான். என் பக்கம் திரும்பவில்லை. மூட்டைகளை இறக்கி முடித்ததும் ஆற்றங்கரையோரம் வண்டியை நிறுத்தி இரண்டு டீ வாங்கி வந்தான். நான் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, இயேசு படம் ஒட்டியிருந்த டேஷ்போர்டின் மேல் வைத்தேன்.

அண்ணன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இத எங்கேர்ந்து எடுத்த?" என்று கேட்டுக்கொண்டே டீயைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். ஜாக்கியும் ஸ்பேனரும் கிடக்கும் கிரீஸ் படிந்த பையைத் துழாவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஓர் அட்டையை வெளியே எடுத்தான். அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அவன் கையில் ஒன்று, டேஷ்போர்டில் ஒன்று.

"அப்ப இது யாருது?"

"என்னுது."

அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பார்த்தான். கம்பெனி வேறு, பெயர் ஒன்று. ஆற்றில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். 

"எப்பலேர்ந்துண்ணா?"

"போன ஜனவரிலேர்ந்து. நீ ஊருக்குப் போனியே, அதுக்கப்புறம்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "கிறிஸ்மஸ் வந்தா நல்லாதான் கீது. வூடு நெறைய ஜனம். அந்த ஸ்டார அவுத்துக் கீய வெப்பம் பாரு, அப்பலேர்ந்து பேஜாராயிடுது. வண்டில ஏறி குந்துவேன். சாவி போட மாட்டேன். அப்டியே குந்தினு இருப்பேன். லோடுக்குக் கூப்ட்டா ரிப்பேருன்னு சொல்லிடுவேன். லோடுமேன் முருகன்தான் காஞ்சிபுரத்துல பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போனான்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"கேஸ் மாத்திரன்னு சொல்லிக்கீறேன்."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அவன் முதல் முறையாகச் சிரித்தான். "நீ போன் பண்ணி டிப்ரஷன்னு சொன்னியே, எனுக்குப் புரியலன்னா நெனச்ச? எனுக்கும் அதே பேர்தான் சொன்னாங்க டாக்டரு. போனு ஸ்பீக்கர்ல கீது. உங்க அண்ணி பக்கத்துல பூ கட்டிக்கினு கீறா. நா வேற இன்னாத்த சொல்றது? மயைய இட்டுனு வந்து காட்டிட்டேன்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. அவனுடைய டீயையும் எடுத்து நானே குடித்தேன். அந்த ஆலோசகர் அம்மாள் சொன்ன ஒரே ஒருவர் எனக்குக் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே சந்தேகமும் வந்தது. நீச்சல் தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் எப்படித் தூக்கிவிடுவது?

அதை அவனிடமே கேட்டேன். "அண்ணிகிட்ட சொல்லாம முடியாதுண்ணா" என்றேன்.

"மென்டலுன்னு சொல்லுவா."

"சொன்னா சொல்லட்டும். நானும்தானே. ரெண்டு பேரா கீறோம்."

6

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். எனக்கு நடந்ததை முதலில், அண்ணனுடையதைப் பிறகு. வார்த்தைகளுக்குத் திண்டாடவில்லை. எழுந்திருக்க முடியலை, குளிக்க முடியலை, வண்டிக்குச் சாவி போட முடியலை. இதற்கெல்லாம் பெரிய வார்த்தை தேவைப்படவே இல்லை.

அண்ணி கீரைக் கட்டை அப்படியே கீழே வைத்தாள். "மாசா மாசம் ஒரு நாளு காலைல போயி மத்தியானத்துக்கு மேல வருவியே, அது ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமா" என்றான் அண்ணன்.

"வாலாஜாபாத்துல எவளோ ஒருத்தி கீறான்னு நெனச்சேன்யா!" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "ரோஸிகிட்டகூட சொல்லி அய்துட்டேன். இவ வேற தனியா வந்து நின்னா. அண்ணனும் தங்கச்சியும் சேந்து இன்னாவோ மறைக்கறாங்க, அவளைக் கூட்டினு வர்றதுக்குதான் இவ வந்துக்கீறான்னு…" மூக்கைச் சிந்தினாள். அதனால்தான் நல்லியெலும்பு. என்னைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்திருக்கிறாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது. ஒரு வருஷமாகக் கேஸ் மாத்திரை என்று நம்பி இவனுக்கு உருளைக்கிழங்கே போடாமல் சமைத்தேனே என்று கத்தினாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மென்டல் என்ற வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குத் தானும் வருவேன் என்றாள்.

வாரம் ஒரு நாள் அண்ணனும் நானும் போனில் பேச வேண்டும் என்று, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சட்டம் போட்டதும் அவள்தான். "நீங்க ரெண்டு பேரும் பொய்யிலேயே பொறந்தவங்க. நல்லா கீறியான்னு கேட்டா நல்லா கீறேன்னுதான் சொல்லுவீங்க. சாப்ட்டியான்னா சாப்ட்டேன்னுதான் சொல்லுவீங்க. அதெல்லாம் கேக்கவே கூடாது. இன்னா கொயம்புன்னு கேக்கணும். துன்னவன் டக்குனு சொல்லுவான். யோசிச்சான்னா துன்னலன்னு அர்த்தம். உடனே, பக்கத்துல கீறவங்க கையில போனக் குடுன்னு சொல்லணும்."

"இங்க நீங்க கீறீங்க அண்ணி. அங்க என் பக்கத்துல யாரு? அவருக்குப் பஸ் டூட்டி."

"ரூத்து?"

"அவ சின்னப் பொண்ணு. அவகிட்ட ஒண்ணும் சொல்லல. தமிழும் அவளுக்குச் சரியா வராது."

"பதினஞ்சு வயசு சின்னதா?" என்று அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் என்மேல் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

7

அயர்லாந்து அப்படியே இருந்தது. நான் வந்த பிறகு பெட்டி வந்து சேர்ந்தது, ஒரு சக்கரம் உடைந்து. தேநீர் அறையில் பனிமனிதன் சுவரொட்டியைக் கழற்றியிருந்தார்கள். ஜனவரியில் யாருடைய மனதைப் பற்றியும் யாருக்கும் கவலையில்லை போலிருக்கிறது. மேலாளரம்மா பழையபடி தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான்கரை மணிக்கே இருட்டு.

முதல் சில நாட்கள் தாக்குப்பிடித்தேன். மாத்திரை போட்டேன், வேலைக்குப் போனேன். பிறகு அந்தப் பாறாங்கல் மெதுவாக உருண்டு வந்து மேலே உட்கார்ந்தது. உடம்பு சரியில்லை என்று வேலைக்குச் சொல்லிவிட்டு, சமையலறை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று எங்கள் போன் நாள்.

அண்ணனை முந்திக்கொண்டு நான் கேட்டேன். "இன்னா கொயம்பு?"

"கருவாட்டுக் கொயம்பு. கத்திரிக்கா போட்டு." டக்கென்று வந்தது. இருந்தாலும் நம்ப மனமில்லாமல், "அண்ணிகிட்டக் குடு" என்றேன். "ரெண்டு தபா வாங்கித் துன்னுச்சி, சட்டியே காலி" என்று அண்ணியின் குரல் கேட்டது. அண்ணன் போனைத் திரும்ப வாங்கினான்.

"உன் வூட்ல இன்னா கொயம்பு?"

அடுப்பைப் பார்த்தேன். காலையில் சேவியர் தேநீர் போட்ட பாத்திரம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. "சாம்பார்ண்ணா" என்றேன். "முருங்கக்கா சாம்பார்."

"அங்க முருங்கக்கா ஏது?"

கோட்டுப் பொத்தானைத் திருகினேன்.

"பக்கத்துல யாரு கீறா எஸ்தரு?"

"யாரும் இல்லண்ணா."

பள்ளிச் சீருடையோடு ரூத் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அவள் உள்ளே வந்து என் முன்னால் கையை நீட்டினாள். நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாளோ என்றிருந்தது. தொலைவில் அண்ணன், "யாருன்னாலும் பரவால்ல, போனக் குடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் கொடுத்துவிட்டேன்.

ரூத் போனைக் காதில் வைத்தாள். தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அம்மா சாப்பிடலை. நேத்தும் சாப்பிடலை. எனக்குத் தெரியும். என்னை யாரும் கேக்கலை, அதான் நான் சொல்லலை."